முகப்புத் தாளில் ஒரு வாக்கியம்

“மாணவர் தம் ஒப்படைப்பை எழுதப் பிறரிடம் உதவி பெறலாம். உதவியவர் பெயரை முதல் பக்கத்தில் குறிப்பிட வேண்டும்.”

நான் வேலை பார்த்த கல்லூரியின் அகமதிப்பீட்டு விதிகளில் ஒன்பதாவது விதி, இரண்டாம் உட்பிரிவு. ஒப்படைப்பு என்பதை எங்கள் கல்லூரியில் யாரும் ஒப்படைப்பு என்று சொன்னதில்லை, அசைன்மென்ட்தான். இந்த விதியை ஒரே ஒரு பெண் எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தாள். அதன் காரணமாக அவளுடைய தேர்வு முடிவு நிறுத்தி வைக்கப்பட்டது.

போன வாரம் டில்லிபாபு தொலைபேசியில் கூப்பிட்டான். தேர்வுப் பிரிவில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவன்.

“சார், புது சுற்றறிக்கை வந்துகீது. பசங்க வீட்டுக் கணக்க போன்லயே கேட்டு எழுதிக்கினு வர்றாங்களாம். அதுக்கு ஒரு உறுதிமொழி வாங்கணுமாம். உங்க காலத்துல ஒரு வாசகம் இருந்துச்சே, அத்த அனுப்புறீங்களா?”

“எந்த வாசகம்?”

“‘எவ்வித உதவியுமின்றி’ன்னு வருமே சார்.”

அனுப்ப மாட்டேன் என்றேன். அந்த வாசகத்தால் வந்த வம்பில் கடைசி முத்திரை குத்தியவனே அவன்தான், அதை மறந்து ஏன் என்று கேட்டான். தொலைபேசியில் சொல்லி முடிக்கிற காரணம் இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன். எழுதுவதற்கு இரண்டு ஆண்டு தாமதம் ஆகிவிட்டது. எங்கள் அலுவலக வழக்கப்படி அது அதிகம் இல்லை.

நானும் கணிதம் படித்தவன்தான். ஆசிரியர் வேலைக்கு அலைந்து, கிடைக்காமல், மற்றவர்கள் கணிதத்தில் தேறினார்களா என்று பதிவு செய்யும் வேலையில் சேர்ந்தேன். இளநிலை உதவியாளர், உதவியாளர், கண்காணிப்பாளர் என்று முப்பத்து மூன்று ஆண்டுகள். முதல் ஐந்து ஆண்டுகளில் இரண்டு பாடம் கற்றேன். பக்க எண் போடாமல் கோப்பில் எதையும் வைக்காதே. ஒப்புகை வாங்காமல் எதையும் கொடுக்காதே. மீதி இருபத்தெட்டு ஆண்டுகளில் புதிதாக ஒன்றும் கற்றதாக நினைவில்லை.

என் கடைசி முதல்வரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. அவரும் கணிதப் பேராசிரியர். நல்ல மனிதர், யாரையும் அதட்டமாட்டார். ஆனால் பென்சிலால் எழுதுவார். கோப்பு மேலே போனால் ஓரத்தில் மெல்லிய பென்சிலில் ‘சரி’ என்றோ ‘கூடாது’ என்றோ இருக்கும். நாங்கள் அதன்படி வேலையை முடிக்க வேண்டும். முடித்ததால் வம்பு வரவில்லை என்று தெரிந்த பிறகு கோப்பைத் திரும்ப வரவழைத்து, பென்சில் எழுத்தின் மேலேயே மையால் எழுதிக் கையொப்பமிடுவார். வம்பு வந்தால் ரப்பர் வேலை செய்யும். அந்த ரப்பர் என் மேசை இழுப்பறையில் இருந்தது. அவர் எழுதியதை அழித்துக் கொடுப்பதும் கண்காணிப்பாளரின் பணிகளில் ஒன்று என்று எந்த விதியிலும் இல்லை, ஆனால் செய்தேன்.

நான் ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கும்போது அந்தப் புகார் வந்தது. மூன்றாம் ஆண்டு கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள் தாளின் அசைன்மென்ட். மாணவி பெயர் சுகன்யா. மணவூரிலிருந்து எங்கள் கல்லூரி இருக்கும் திருத்தணிக்குத் தினமும் ரயிலில் வருகிறவள். அப்பா சொந்த நிலத்தில் பயிர் வைப்பவர். சென்னையில் ஒரு கல்வி நிறுவனத்தில் எம்.எஸ்சி. கணிதத்துக்கு இடம் கிடைத்திருந்தது. அவர்கள் வீட்டில் கல்லூரி வாசலைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். ஜூலை முதல் வாரத்துக்குள் தேர்வு முடிவுடன் போய்ச் சேர வேண்டும். ‘நிறுத்தி வைக்கப்பட்டது’ என்ற ஒரு சொல் முடிவில் இருந்தால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

அவள் செய்த குற்றம் இது. அசைன்மென்டின் மேலே வைக்கும் முகப்புத் தாளில், கல்லூரிப் பெயருக்குக் கீழே, ‘இதை எவ்வித உதவியுமின்றி நானே செய்தேன் என உறுதியளிக்கிறேன்’ என்று அச்சிடப்பட்டிருக்கும். அதில் கையெழுத்துப் போட்டிருந்தாள். அதற்குக் கீழே பேனாவால், ‘உதவி: ஷாஹின் அக்கா, அரக்கோணம் முதல் திருத்தணி வரை, காலை வண்டி’ என்று எழுதியிருந்தாள். வகுப்பாசிரியர் இரண்டையும் படித்து, பொய் உறுதிமொழி என்று பன்னிரண்டாவது விதியின் கீழ் புகார் எழுதிவிட்டார். அந்த விதியில் சிக்கினால் அகமதிப்பெண் பூஜ்யம், முடிவு நிறுத்தம். அதை நீக்கும் அதிகாரம் பல்கலைக்கழகத்துக்கு மட்டுமே உண்டு.

அந்த வகுப்பின் மற்ற அசைன்மென்டுகளையும் நான் புரட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே உறுதிமொழி, அதே கையெழுத்து இடம். இரண்டு பேர் முதல் கணக்கின் விடையை, ‘நிச்சயமாக! இதைப் படிப்படியாகத் தீர்க்கலாம்’ என்று தொடங்கியிருந்தார்கள். போன் சொன்னதைச் சொன்னபடி எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு முழு மதிப்பெண்.

இதை முதல்வரிடம் காட்டினேன்.

“அவங்க யாரும் எழுத்துல ஒத்துக்கலையே,” என்றார். “இந்தப் பொண்ணு எழுதியே கொடுத்துட்டாளே.”

குறிப்பாணை கொடுத்து, ஏழு நாள் அவகாசம் விட்டு, புகாரின் நகலைக் கொடுத்து ஒப்புகை வாங்கி, விசாரணைக்கு நாள் வைத்தேன். நடைமுறையில் ஒரு குறை சொல்ல முடியாது.

விசாரணை முதல்வர் அறையில் நடந்தது. பதிவு செய்ய நான். சுகன்யா ஒல்லியான பெண். துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“இது உன் கையெழுத்துதானே?”

“ஆங் சார்.”

“மேல அச்சடிச்சிருக்கிறதப் படி.”

படித்தாள்.

“இப்ப கீழ நீ எழுதினதப் படி.”

அதையும் படித்தாள்.

“ரெண்டுல எது பொய்?”

துப்பட்டா நுனியை விட்டாள். பிறகு சொன்னாள்: “மேல இருக்கிறது சார். ஆனா அது நான் எழுதினது இல்ல.”

முதல்வர் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன்.

விசாரணையில் கணக்குக் கொடுக்கும் வழக்கம் விதியில் கிடையாது. ஆனாலும் பேராசிரியருக்குக் கை அரித்திருக்க வேண்டும். ஒரு தாளை நகர்த்தி, x dy/dx + 2y = x² என்று எழுதி, “போடு” என்றார். பென்சிலில்தான் எழுதினார்.

சுகன்யா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். உதடு அசைந்தது. முணுமுணுப்பு எங்களுக்குக் கேட்டது: “மொதல்ல முன்னாடி ஒட்டிகினு நிக்கிற எக்ஸ இறக்கிவுடணும். அவரு எறங்காம வண்டிய எடுக்கக் கூடாது…”

“யாரு அவரு?” என்றார் முதல்வர்.

“எக்ஸ் சார்.” பயந்துவிட்டாள். “அக்கா அப்டித்தான் சொல்லுவாங்க.”

எக்ஸால் வகுத்தாள். தொகைக் காரணி எக்ஸ் ஸ்கொயர் என்று கண்டுபிடித்தாள். இருபுறமும் பெருக்கித் தொகையிட்டாள். கடைசி வரிக்கு முன்பு நிறுத்தி, “சி ஏறிட்டாரா” என்று தனக்குத்தானே கேட்டு, மாறிலியைச் சேர்த்தாள். y = x²/4 + C/x². என் முப்பத்து மூன்று ஆண்டுத் துருவையும் மீறி அது சரி என்று எனக்குத் தெரிந்தது. முதல்வருக்கும் தெரிந்தது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கோப்பில் வைக்கவில்லை.

“கணக்கு தெரியுது. இங்க விஷயம் அது இல்ல,” என்றார்.

அடுத்து ஷாஹின். முப்பது வயது இருக்கும். அரக்கோணத்து மெக்கானிக் ஒருவரின் மகள். திருத்தணி பஜாரில் வண்டி உதிரிபாகக் கடையில் வேலை. சாப்பாட்டு இடைவேளையில் அனுமதி கேட்டுக்கொண்டு வந்திருந்தார். எங்கள் கல்லூரியிலேயே கணிதம் முடித்தவர் என்பது அங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

“நீங்கதான் போட்டுக் கொடுத்தீங்களா?”

“எங்க சார் போடுறது? அரக்கோணத்துல ஏறினா எனக்கு உக்கார எடமே இருக்காது. கம்பியப் புடிச்சிகினு நிப்பேன். வாயால சொல்லுவேன், அதுங்க மூணு பேரும் எழுதும். திருத்தணி வர்றதுக்குள்ள ஒரு கணக்கு. வண்டி லேட்டுன்னா ரெண்டு.”

“மூணு பேரா? மத்த ரெண்டு பொண்ணுங்க உங்க பேரப் போடலியே?”

“போடலன்னுதான சார் அதுங்க இங்க இல்ல.”

முதல்வர் பென்சிலைக் கீழே வைத்தார்.

வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து, படித்துக் காட்டிக் கையொப்பம் வாங்குவது முறை. ஷாஹின் படித்துக் காட்ட விடவில்லை, தானே வாங்கிப் படித்தார். ஒரு வரியில் விரலை வைத்தார். ‘கல்லூரி வழங்கிய முகப்புத் தாள்’ என்று முதல்வர் சொல்லச் சொல்ல நான் அடித்திருந்தேன்.

“இது காலேஜ் குடுத்ததா சார்? எதிர்ல ஜப்பார் பாய் ஜெராக்ஸ் கடைலதான விக்கிது? நான் படிச்சப்பவும் அங்கதான் வாங்கினேன்.”

“கடையில வித்தாலும் நாம சொல்லாம அச்சடிச்சிருப்பாங்களா?” என்று முதல்வர் என் பக்கம் திரும்பினார். “என்ன சார்?”

“விசாரிச்சு சொல்றேன் சார்,” என்றேன்.

விசாரிக்க ஒன்றுமில்லை. அந்த வாக்கியம் கோப்பில் வந்த நாளே எனக்குத் தெரியும். ‘எவ்வித உதவியுமின்றி’ என்று இந்த ஊரில் என்னைத் தவிர வேறு யாரும் எழுத மாட்டார்கள். இருந்தும் ஒப்புக்கு ஜப்பார் பாய் கடைக்குப் போனேன்.

“நீங்கதான சார் சொன்னீங்க?” என்றார் பாய், இயந்திரத்தை நிறுத்தாமலேயே. “பத்து வருசம் இருக்கும். டீ குடிச்சிகினு இருந்தீங்க. மேலட்டைக்கு இன்னா போடுறதுன்னேன். எம்.எஸ்சி. பசங்க ஆய்வேட்டுல இருக்கிறத அப்டியே போடு, பாத்தா கெத்தா இருக்கும்னீங்க.”

ஆய்வேடு தனியாகச் செய்ய வேண்டியது. அங்கே அந்த உறுதிமொழி சரி. அசைன்மென்டுக்கு அது ஒன்பதாவது விதிக்கே நேர் எதிர். அந்த விதியைத் தட்டச்சு செய்தவன் நான். டீ ஆறுவதற்குள் அதை மறந்து, எதிரான வாக்கியத்தைக் கடைக்குக் கொடுத்துவிட்டேன். பத்து ஆண்டுகளாக நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அதை வாங்கி, படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். வகுப்பாசிரியர்களும் படித்ததில்லை. தேர்வுப் பிரிவில் என்னிடமே வந்து குவிந்த தாள்கள், நானும் படித்ததில்லை.

என் முகத்தைப் பார்த்து பாய் இயந்திரத்தை நிறுத்தினார். “இன்னா சார், ஏதாச்சும் பிரச்சினையா? யாராச்சும் கேட்டா நானே எழுதினேன்னு சொல்லிடறேன். ரிட்டையர் ஆவற நேரத்துல உங்களுக்கு எதுக்கு?”

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. ஓய்வு நாளில் ஒரு ஊழியர் மேல் விளக்கக் குறிப்பாணை நிலுவையில் இருந்தால் என்னென்ன நிற்கும் என்று மற்றவர்களுக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்தவன் நான். மூன்று நாள் சும்மா இருந்தேன். கோப்பு பல்கலைக்கழகத்துக்குப் போகத் தயாராக என் மேசையில் கிடந்தது.

நாலாம் நாள் சுகன்யா வந்தாள்.

“முடிவு வர எத்தினி நாள் ஆவும் சார்?”

எனக்குத் தெரிந்து பொய் உறுதிமொழி வழக்கு எதுவும் ஒரு பருவத்துக்குள் திரும்பியதில்லை. அதைச் சொல்லாமல், “எல்லாம் விதிப்படி நடக்கும்மா” என்றேன்.

“விதிப்படிதான் சார் நான் பேரப் போட்டேன்.”

“அந்த விதி உனக்கு எப்படித் தெரியும்?”

“நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருந்துச்சே சார். அடியில முதல்வருக்காகன்னு உங்க கையெழுத்து இருந்துச்சு.”

குத்தலாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். அவள் போன பிறகு கோப்பைத் திறந்தேன்.

அலுவலகம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு குறிப்பை எங்கே எழுதுகிறோம் என்பது, என்ன எழுதுகிறோம் என்பதைவிட முக்கியம். தனித் தாளில் எழுதினால் அது தொலையும். விசாரணை நடத்த அனுமதி கொடுத்த பக்கத்தில் முதல்வரின் கையொப்பம் இருந்தது. அந்தக் கோப்பிலேயே அவர் மையால் போட்ட ஒரே கையொப்பம். அந்தத் தாளின் பின்பக்கம் காலியாக இருந்தது. அங்கே எழுதினேன். முகப்புத் தாள் கல்லூரி வழங்கியதல்ல, எந்த ஆணையும் இல்லை, அதன் வாசகத்தை வாய்மொழியாகக் கடைக்காரருக்குக் கொடுத்தவன் நான், அது ஒன்பதாவது விதிக்கு முரணானது, மாணவி விதிப்படியே நடந்திருக்கிறார், விசாரணையில் இதைச் சொல்லாமல் விட்டதும் என் தவறு. பக்க எண் போட்டு, மையால் கையொப்பமிட்டு, உள்ளே அனுப்பினேன்.

‘பேசவும்’ என்று பென்சிலில் திரும்பி வந்தது.

“உக்காருங்க,” என்றார் முதல்வர். கதவைச் சாத்தச் சொன்னார். “இது எதுக்கு சார்? முப்பதாம் தேதி சாயங்காலம் மாலையப் போட்டுக்கினு நிம்மதியாப் போக வேண்டியதுதானே. இந்தத் தாள எடுத்துடுங்க.”

“எடுக்கலாம் சார். முன்பக்கம் உங்க கையெழுத்து இருக்கு. அதுவும் சேர்ந்து போயிடும்.”

தாளைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி திருப்பினார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். காது மடல் சிவந்தது.

“வேணும்னே அங்க எழுதினீங்களா?”

“ஆமா சார்.”

“உங்களுக்கு மெமோ வரும். நான் தடுக்க முடியாது.”

“தெரியும் சார். அந்தப் படிவமும் என் பீரோவுலதான் இருக்கு.”

அவர் சிரிக்கவில்லை. தன் மேசை இழுப்பறையைத் திறந்து, அன்று மடித்து வைத்துக்கொண்ட தாளை எடுத்தார். சுகன்யா கணக்குப் போட்ட தாள். என்னிடம் நீட்டி, “இதுக்கும் பக்க எண் போட்டு வைங்க” என்றார். பேனாவைத் திறந்து என் குறிப்பின் கீழே, ‘பல்கலைக்கழகத்துக்கு அனுப்பலாம்’ என்று எழுதிக் கையொப்பமிட்டார். மையால்.

தபாலை நம்பாமல் நானே ரயிலேறிக் கொண்டுபோய்க் கொடுத்து ஒப்புகை வாங்கி வந்தேன். வாங்கியவர், “வெச்சிட்டுப் போங்க சார், பாக்கலாம்” என்றார். அந்தப் ‘பாக்கலாம்’ என்ன நீளம் என்று எனக்குத் தெரியும். ஜூலை முதல் வாரத்துக்குள் அது அடங்காது.

மிச்சம் ஒரு வழி இருந்தது. சுகன்யாவைக் கூப்பிட்டு, தன் கோப்பின் நகல் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு எழுதச் சொன்னேன். கல்லூரியில் அந்தத் தகவல் அலுவலர் பொறுப்பும் என் தலையில்தான் இருந்தது. சட்டம் முப்பது நாளுக்குள் பதில் தரச் சொல்கிறது. எல்லா அலுவலகங்களும் அதை முப்பதாவது நாள் என்று படிக்கின்றன. முதல் நாளே தரக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. அன்று என் பணியின் கடைசி நாள். காலை பதினொன்றுக்கு மனு வந்தது; பன்னிரண்டுக்கு, ஒவ்வொரு பக்கத்திலும் ‘உண்மை நகல்’ முத்திரையுடன் முழுக் கோப்பும் அவள் கையில் இருந்தது. மாலை நாலு மணிக்கு எனக்கு மாலை போட்டார்கள். முதல்வர் என்னைப் பற்றி நாலு வார்த்தை பேசினார். எதையும் எழுதிக் கொடுக்கவில்லை.

அந்த நகலுடன் சுகன்யாவும் அவள் அப்பாவும் சென்னைக்குப் போனார்கள். அங்கே ஒரு பேராசிரியை எல்லாப் பக்கங்களையும் படித்தாராம். பல்கலைக்கழகத்தின் பதில் வரும்வரை தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்கிறோம், ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் பதில் வராவிட்டால் இடம் ரத்து என்று எழுதிக் கொடுத்தார்கள். கிருத்திகைக்கு மறுநாள் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. அவர்கள் எழுதியது ஒரு சாதாரணத் தேதி. காலண்டரைப் பார்த்த பிறகுதான் அது என்ன நாள் என்று எனக்குத் தெரிந்தது. கிருத்திகைக்கு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை. காவடிக் கூட்டத்தில் மூன்று நாள் ஊரே நகராது. பதில் வந்தாலும் கல்லூரியில் அதைப் பார்க்க ஆள் வேண்டும்.

ஓய்வு பெற்றவனின் குரலுக்கு எந்த அலுவலகத்திலும் மதிப்பில்லை என்பதை அந்த ஜூலையில் தெரிந்துகொண்டேன். பல்கலைக்கழகப் பிரிவுக்கு நாள் தவறாமல் தொலைபேசி செய்தேன். “நீங்க யாரு சார்?” என்று கேட்பார்கள். கண்காணிப்பாளர் என்பேன். “எந்த ஊர் கண்காணிப்பாளர்?” முன்னாள் என்றதும் வைத்துவிடுவார்கள். பிறகு ஷாஹின் கூப்பிட ஆரம்பித்தார். அவர் எப்படிப் பேசினார் என்று தெரியாது, ஒரு நாள் எனக்கு அழைத்து, “கோப்பு ஆபீசர் மேசைக்குப் போயிருச்சு சார். எறங்கற எடம் வந்துருச்சு, கதவுகிட்ட நிக்கிறாரு” என்றார்.

கிருத்திகை அன்று பதில் இல்லை. மலைப்பாதை முழுக்க அரோகரா சத்தம். நான் வீட்டில் உட்கார்ந்து, வராத கடிதத்துக்கு எத்தனை வழியில் தாமதம் நேரலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை டில்லிபாபுவைக் கெஞ்சி அலுவலகத்துக்கு அனுப்பினேன். கனகம்மாசத்திரத்திலிருந்து வருகிறவன், பேருந்து ஊருக்கு வெளியிலேயே நின்றுவிட, நடந்தே போனான். மணிக்கு ஒரு முறை மின்னஞ்சலைத் திறந்து பார்த்துச் சொன்னான். பன்னிரண்டு, இல்லை. ஒன்று, இல்லை. இரண்டு, இல்லை. சென்னையில் அந்தக் கல்வி நிறுவன அலுவலக வாசல் பெஞ்சில் சுகன்யா உட்கார்ந்திருந்தாள். இரண்டரைக்கு என்னைக் கூப்பிட்டு, “நைனாவ வரச் சொல்லிடட்டா சார், பெட்டியத் தூக்கிக்கினு போவ?” என்றாள். ஐந்து மணி ஆகவில்லையே என்றேன்.

பதில் மூன்று பத்தி. முதல் பத்தி: ஒன்பதாவது விதிப்படி மாணவி உதவி பெற்றதும் பெயரைக் குறிப்பிட்டதும் முறையே, அவர் முடிவு உடனே வெளியிடப்படுகிறது. இரண்டாம் பத்தி: விதியில் இல்லாத உறுதிமொழி எதுவும் இனி எந்த ஒப்படைப்பிலும் பெறப்படக் கூடாது. மூன்றாம் பத்தி: மேற்படி வாசகத்தை அளித்த கண்காணிப்பாளரிடம், ஓய்வு பெற்றிருந்தாலும், ஏழு நாளுக்குள் விளக்கம் பெற்று அனுப்ப வேண்டும். டில்லிபாபு முதல் பத்தியைச் சத்தமாகவும், மூன்றாவதை மெதுவாகவும் படித்தான். சென்னைக்கு முதலில் அனுப்பு, எனக்கு அப்புறம் அனுப்பலாம் என்றேன். வரவு முத்திரை குத்தி, முத்திரையில் இடம் இல்லாததால் பக்கத்தில் பேனாவால் நேரத்தையும் எழுதினான்: ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள், பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம்.